அம்மாவின் இருபத்தேழு வரிகள்

கேள்வி:

எனக்கு 35 வயது. ரொறன்ரோவில் மருந்தாளராக வேலை செய்கிறேன். 1996இல் யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட என் அப்பா வீடு திரும்பவில்லை. 1998இல் அம்மா என்னையும் மூன்று வயதுத் தம்பியையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்கு வந்தார். பகலில் ஏஜென்சி மூலம் தொழிற்சாலை வேலை, இரவில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை என்று மாறி மாறி உழைத்து, ஸ்காபுறோவில் ஒரு பேஸ்மென்ட்டில் எங்களை வளர்த்தார். தம்பிக்கு இரவுச் சாப்பாடு கொடுத்துப் படுக்கவைப்பது என் பொறுப்பாக இருந்தது. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, சும்மா எழுதுகிறேன். இன்று தம்பி பொறியியலாளர். எனக்குச் சொந்த வீடு இருக்கிறது, அம்மா என்னோடுதான் இருக்கிறார். ஆனால் 63 வயதிலும் கிழமையில் மூன்று நாள் காலை ஐந்து மணிக்குப் பஸ் ஏறி, ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதிக்கு வேலைக்குப் போகிறார். முழங்கால் வலி வேறு. "நிப்பாட்டுங்கோ அம்மா, நான் பாக்கிறன்" என்றால், "வேலைக்குப் போகாட்டி எனக்கு நாள் போகாது பிள்ளை" என்கிறார். நான் வாங்கிக் கொடுத்த தங்க வளையல் பெட்டியிலேயே கிடக்கிறது. 2004இல் என் எட்டாம் வகுப்புப் பட்டமளிப்புக்கு அவர் வேலை உடுப்போடு ஓடிவந்தபோது, தோழிகளிடம் "பக்கத்து வீட்டு அன்ரி" என்று சொல்லிவிட்டேன். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை. அவருக்குத் தெரியாமல் ஒரு மண்டபம் எடுத்து, அவர் பட்ட கஷ்டத்தையெல்லாம் திரையில் காட்டி, எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்ல நினைக்கிறேன். ஆனாலும் எதைச் செய்தாலும் போதாது என்ற எண்ணம் போகவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள "போதாது" என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. வளையல் வாங்கினீர்கள், போதவில்லை. வீட்டில் அறை கொடுத்தீர்கள், போதவில்லை. இப்போது மண்டபம் எடுக்க நினைக்கிறீர்கள், அதுவும் போதாமற் போய்விடுமோ என்ற பயம் உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அம்மாவுக்கு நீங்கள் கடன்பட்டிருப்பதாக உணர்கிறீர்கள். கடன் என்றால் அதற்கு ஒரு தொகை இருக்க வேண்டும். உங்கள் அம்மா எந்தத் தொகையையும் சொன்னதில்லை, இனிச் சொல்லப்போவதும் இல்லை. ஆகவே நீங்கள் கட்டுகிற தவணை எந்தக் கணக்கிலும் வரவு வைக்கப்படாமல் போகிறது. தவணை கட்டிக் கட்டிக் களைத்துப்போன பிள்ளைகளையும், இவர்கள் ஏன் தனக்காக இப்படிச் செலவழிக்கிறார்கள் என்று விளங்காமல் ஒதுங்கி நிற்கும் தாய்மாரையும் இந்த ஊரில் இருபது ஆண்டுகளாக நான் சந்தித்து வருகிறேன்.

நம் பழைய தமிழில் "நன்றி" என்பது ஒருவர் செய்த நன்மையின் பெயர். நாம் வாயால் சொல்கிற வார்த்தைக்கு அந்தப் பெயர் பிற்பாடுதான் வந்தது. நன்மையைப் பெற்றவர் செய்ய வேண்டியதை "செய்ந்நன்றி அறிதல்" என்றார்கள், அதாவது செய்யப்பட்டது என்னவென்று தெரிந்து வைத்திருத்தல். நம் வீடுகளில் தாயிடம் யாரும் நன்றி என்று சொல்வதில்லை. சொன்னால் மேடைப் பேச்சுப் போல இருக்கும், தாய் பயந்துபோய் "ஏன் பிள்ளை, என்ன நடந்தது" என்று கேட்பார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது சாரதிக்குத் தவறாமல் "தாங்க்ஸ்" சொல்லும் நீங்கள், அம்மாவிடம் அதைச் சொல்ல முடியாமல் திணறுவதில் உங்கள் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அறிந்துகொள்வது உங்களால் முடியும், அதை நீங்கள் இன்னும் தொடங்கவில்லை என்று நினைக்கிறேன். "பகலில் தொழிற்சாலை, இரவில் துப்புரவு" என்ற ஒற்றை வரியில் உங்கள் கடிதம் அம்மாவின் உழைப்பு முழுவதையும் கடந்துவிடுகிறது. அந்தத் தொழிற்சாலையில் என்ன செய்தார்கள், அவர் கையில் என்ன கருவி இருந்தது, யாரோடு சாப்பிட்டார், எத்தனை தடவை "நாளைக்கு வரவேண்டாம்" என்று ஏஜென்சியிலிருந்து தொலைபேசி வந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதான் அம்மாவும் பாடுபட்டிருப்பார்.

ஆகவே வளையலையும் மண்டபத்தையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு தாளை எடுங்கள். கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு, நாம் எல்லோரும் சி.பி.பி. என்று சொல்வதற்கு, அம்மாவின் சம்பளத்திலிருந்து வெட்டப்பட்ட பணத்தின் விபரம் சேர்விஸ் கனடா என்ற அரசாங்க அலுவலகத்தில் இருக்கிறது. அம்மாவின் பெயரில் இணையக் கணக்குத் திறந்து பார்க்கலாம், கேட்டால் தபாலிலும் அனுப்புவார்கள். எந்த ஆண்டில் எவ்வளவு உழைத்ததாகப் பதிவாகியிருக்கிறது, எவ்வளவு கட்டினார் என்று ஆண்டுக்கு ஒரு வரியாக அதில் இருக்கும். 1998 முதல் 2024 வரை எண்ணினால் இருபத்தேழு வரிகள். வேலை செய்த இடத்தின் பெயரோ, செய்த வேலையோ அதில் இராது, வெறும் எண்கள்தான். அந்த எண்களுக்குப் பக்கத்தில் எழுத வேண்டியது அம்மாவுக்கு மட்டுமே தெரியும் என்பதால்தான் அந்தத் தாளைச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தேத்தண்ணியோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து, முதல் வரியில் விரலை வைத்து, "இது எந்த வேலை அம்மா?" என்று கேளுங்கள். முதலில் "அதெல்லாம் இப்ப என்னத்துக்கு" என்பார். வற்புறுத்தாமல் அடுத்த வரிக்குப் போங்கள். எண் என்பது விசித்திரமான சாமான், "உங்கட கஷ்டத்தைச் சொல்லுங்கோ" என்று கேட்டால் வாயைத் திறக்காத பெண்கள், "இந்த வருசம் ஏன் இவ்வளவு கூட?" என்று கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அது அவர்களுடைய கணக்கு, அவர்கள் ஈட்டியது, அதில் அழுகைக்கு முன்னால் பெருமை வருகிறது. அநேகமாக அலுமாரியின் அடியில் ஒரு பழைய பிஸ்கட் தகரமும் இருக்கும். சம்பளச் சிட்டைகள், சீட்டுக் கொப்பி, ஊருக்குக் காசு அனுப்பிய துண்டுகள் எல்லாம் அதற்குள் றப்பர் வளையம் போட்டுக் கிடக்கும். அதை அவராக எடுத்துவந்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சில ஆண்டுகளில் தொகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கலாம். கையில் காசாகக் கொடுத்த வேலைகள் அந்தத் தாளில் வரா, அவற்றை அவர்தான் சொல்ல வேண்டும்.

அந்த மேசைக்கு நீங்கள் ஒரு எண்ணைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1995 தொடக்கத்திலிருந்து 2004 ஜனவரி முடியும்வரை ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 6 டொலர் 85 சதமாகவே நின்றது. ஒன்பது ஆண்டுகளில் ஒரு சதமும் கூடவில்லை, ஆனால் வாடகை அப்படி ஒரே இடத்தில் நிற்கவில்லை. கிழமைக்கு 40 மணித்தியாலம் நின்று வேலை செய்தால் 274 டொலர், பிடித்தம் போகக் கையில் வருவது அதிலும் குறைவு. அந்தத் தொகையில் வாடகையும், பஸ் காசும், மூன்று பேருக்குக் குளிர் உடுப்பும், யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு மாதாமாதம் அனுப்புவதும் அடங்க வேண்டும். அம்மா ஏன் இரண்டாவது வேலைக்குப் போனார், ஏன் இரவில் வீட்டில் இருக்கவில்லை என்பதற்கு அந்த 6 டொலர் 85 சதத்தைவிட நேர்மையான விளக்கம் எனக்குத் தெரியாது.

என்னிடம் வந்த ஒரு மகனின் கதையைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். அவரும் உங்களைப் போலவே தனித்த தாயால் வளர்க்கப்பட்டவர். "அம்மா உழைத்தார், ஆனால் என்னோடு இருக்கவில்லை" என்பது அவருடைய மனதில் ஊறிப்போன வசனம். நான் சொன்னபடி தாளை எடுத்துத் தாயோடு உட்கார்ந்தபோது, ஏறிக்கொண்டே வந்த தொகை ஒரு ஆண்டில் திடீரென்று பாதியாக விழுந்திருந்தது. வேலை போய்விட்டதா என்று கேட்டிருக்கிறார். "இல்லை, அந்த வருசம் உனக்கு இழுப்பு. ஆஸ்பத்திரியும் வீடுமாத் திரிஞ்சனான். அவங்கள் வேற ஆளை எடுத்திட்டாங்கள்" என்று தாய் சொன்னார். மகனுக்கு ஆஸ்பத்திரியின் சுவரில் ஒட்டியிருந்த மீன் படம் மட்டுமே ஞாபகம் இருந்தது, அங்கே பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது ஞாபகத்தில் இல்லை. முப்பது வயதைக் கடந்த அந்த மனிதர், அரசாங்கத் தாளில் விழுந்து கிடந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான் தாய் தன்னோடு இருந்த மாதங்களைத் தெரிந்துகொண்டார்.

இனி நீங்கள் "சும்மா எழுதுகிறேன்" என்று கடந்து போன இடத்துக்கு வருகிறேன். ஒன்பது, பத்து வயதுப் பெண் பிள்ளை, இருட்டிய பிறகு கதவை உட்புறம் பூட்டி, யார் தட்டினாலும் திறக்காமல், அம்மா வைத்துவிட்டுப் போன சோற்றைச் சூடாக்கித் தம்பிக்குத் தீத்தி, அவன் அழுதால் தேற்றி, அவன் நித்திரையான பிறகு சாவி திரும்பும் சத்தத்துக்காக விழித்திருப்பது சும்மா எழுதிவிட்டுப் போகிற விஷயம் அல்ல. அது வேலை. உங்கள் வீட்டில் உழைத்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் சிறுமி. அம்மாவின் தியாகத்துக்கு முன்னால் உங்கள் களைப்பைப் பேசுவது நன்றி கெட்டதனம் என்று நீங்கள் நினைத்து, அதை விழுங்கிக்கொண்டே வந்திருக்கிறீர்கள். என் அனுபவத்தில், போதாது போதாது என்று பிள்ளைகளை விரட்டுகிற அந்த உணர்வின் அடியில், சொல்லப்படாத இந்தக் களைப்பு அடிக்கடி படுத்திருக்கிறது. கோபப்பட உரிமை இல்லை என்று நினைக்கிறவர்தான் பரிசுகளை அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்.

அம்மா மீது மிகுந்த மதிப்பும், இழந்த சிறுபராயத்தின் மீது துக்கமும் ஒரே மனதில் இருக்கலாம், ஒன்று மற்றதைப் பொய்யாக்காது. அதற்காக அந்தத் துக்கத்தைக் கொண்டுபோய் அம்மாவின் முன்னால் வைக்கச் சொல்லவில்லை. 63 வயதில் அவரால் அதைத் திருத்த முடியாது, "அப்ப நான் என்ன செய்திருக்க வேணும்?" என்ற கேள்வியோடு அவர் இரவுகளைக் கழிப்பார். அதை ஒரு ஆலோசகரிடம் பேசுங்கள், முடிந்தால் தம்பியிடமும் பேசுங்கள். தான் யார் கையால் சாப்பிட்டு வளர்ந்தோம் என்பது அவருக்கும் ஒழுங்காகத் தெரியாமல் இருக்கலாம், அவரும் அறிய வேண்டிய நன்றி ஒன்று இருக்கிறது. பிறகு, தாளோடு உட்காரும்போது அம்மாவே அந்த இரவுகளைப் பற்றித் தொடங்கினால், "எனக்குப் பயமாத்தான் இருந்தது அம்மா" என்று அளவாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம், அதற்குக் குறைவாகவும் வேண்டாம்.

வேலையை நிறுத்தும் விஷயத்தில் நான் அம்மாவின் பக்கம் நிற்கிறேன். நீங்கள் அன்போடு சொல்கிற "நான் பாக்கிறன்" என்ற வாக்கியம் அவருடைய காதில் எப்படி விழும் என்று யோசியுங்கள். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், 1996இல் ஒரு காலையில் பஸ் ஏறிப் போய், வராமலே போனார். அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அப்படித்தான் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1995 ஒக்ரோபர் 30இல், போரினால் ஊரே பெயர்ந்தபோது கைக்குழந்தையோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, திரும்பி வந்து வீட்டைக் கூட்டித் துப்புரவாக்கிச் சில மாதங்களில் கணவரையும் இழந்த பெண், இன்னொருவருடைய உழைப்பை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதை ஓய்வு என்று உணர்வாரா? அவருக்குப் பாதுகாப்பு என்பது தன் பெயரில் வருகிற சம்பளம்தான். அதோடு, அந்தச் சலவைப் பகுதியில் அவருக்குச் சிநேகிதிகள் இருப்பார்கள், மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து உண்கிற மேசை ஒன்று இருக்கும், அவர் வராவிட்டால் தேடுகிற ஆட்கள் இருப்பார்கள். உங்கள் வீட்டில், நீங்கள் வேலைக்குப் போன பிறகு, பத்து மணித்தியாலம் அமைதி மட்டுமே இருக்கிறது.

ஆனால் முழங்கால் வலி உண்மையானது, ஆகவே வேலையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு முழங்காலைப் பற்றிப் பேசுங்கள். குடும்ப வைத்தியரிடம் காட்டி, பாரம் தூக்குவதையும் நெடுநேரம் நிற்பதையும் குறைக்க வேண்டும் என்று ஒரு கடிதம் வாங்கினால், ஈரத் துணி தூக்குகிற இடத்திலிருந்து மடிக்கிற மேசைக்கு மாற்றித் தருமாறு அவர் கேட்கலாம். உடல் இயலாமைக்கு ஏற்ப வேலையை மாற்றிக் கொடுப்பது ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவையின்படி முதலாளியின் கடமை, தாங்க முடியாத சிரமம் என்று நிறுவினாலன்றி அவர்கள் மறுக்க முடியாது. வேலையால்தான் வலி வந்தது என்று வைத்தியர் கருதினால், வேலையிடக் காப்புறுதிச் சபையிடம் நட்டஈடு கோரலாம், ஆனால் அதற்கு ஆறு மாதக் கால எல்லை இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். பெட்டியில் கிடக்கும் வளையலைவிட, ஈரத் தரையில் வழுக்காத, குதிக்காலைத் தாங்குகிற ஒரு நல்ல சோடிச் சப்பாத்து அவருக்கு உதவும். கடைக்கு அவரையே கூட்டிப்போய், போட்டு நடந்து பார்த்து அவரே தெரிவு செய்யட்டும். ஸ்காபுறோ ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு நின்றுபோனது, அன்றிலிருந்து அந்தத் தடத்தில் போய்வந்தவர்களின் விடியற்காலைப் பயணம் பஸ்ஸில்தான். கிழமையில் ஒரு நாளாவது நீங்கள் அவரைக் காரில் கொண்டுபோய் இறக்கினால், அந்த அரை மணித்தியாலம் இருவருக்கும் பேச்சுக்குரிய நேரமாகும்.

ஓய்வூதியக் காரியங்களை இப்போதே தொடங்க வேண்டும். நீங்கள் கடிதத்தில் கேட்காவிட்டாலும், இதில் பிள்ளைகள் கவனக்குறைவாக இருப்பதால் தாய்மார் இழக்கிற பணத்தை நான் அடிக்கடி பார்ப்பதால் எழுதுகிறேன். கனடாவில் 40 ஆண்டுகள் வாழ்ந்தவருக்கே முதியோர் ஓய்வூதியம் முழுமையாகக் கிடைக்கும். அம்மா 65 வயதை எட்டும்போது 29 ஆண்டுகள் ஆகியிருக்கும், அதனால் 40இல் 29 பங்கு வரும். 64 வயது நிறைந்த அடுத்த மாதம் சேர்விஸ் கனடாவிலிருந்து கடிதம் வர வேண்டும், வராவிட்டால் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு அதற்கு மேல் ஜி.ஐ.எஸ். என்ற குறைநிரப்புத் தொகை உண்டு, ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30க்குள் வருமான வரிப் படிவம் அனுப்பினால்தான் அது தடையின்றித் தொடரும். வேலை செய்தால் இந்தத் தொகை போய்விடும் என்று பலர் பயந்து வேலையை விடுகிறார்கள். உழைத்து வருகிற வருமானத்தில் முதல் 5,000 டொலரை அவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை, அடுத்த 10,000 டொலரில் பாதியை மட்டும்தான் எடுக்கிறார்கள். சி.பி.பி.யை 60 வயதிலிருந்து எடுக்கலாம், ஆனால் 65க்கு முந்திய ஒவ்வொரு மாதத்துக்கும் 0.6 வீதம் நிரந்தரமாகக் குறையும்.

பிள்ளை வளர்ப்பு ஆண்டுகள் பற்றிய ஏற்பாடு பலருக்குத் தெரிவதில்லை. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வளர்த்ததால் உழைப்புக் குறைந்த காலத்தை, சி.பி.பி. கணக்கிலிருந்து விலக்கிவிடக் கேட்கலாம். விலக்கினால் சராசரி கூடி, ஓய்வூதியமும் கூடும். அம்மா வந்திறங்கிய 1998இலிருந்து தம்பிக்கு ஏழு வயதாகும்வரை உள்ள மாதங்கள் இதற்குப் பொருந்தக்கூடும். அது தானாக நடக்காது, கேட்க வேண்டும். பிள்ளை வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால் தம்பியின் பிறப்புச் சான்றிதழும் கனடாவுக்கு வந்த நாளுக்கான ஆதாரமும் தேவைப்படும். தம்பியையே கூப்பிட்டு, அவருடைய சான்றிதழை அவரே கொண்டுவந்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.

இந்தப் படிவங்களில் ஒரு கேள்வி மட்டும் உங்கள் பேனாவுக்கு உரியதல்ல. மணமானவரா, கணவரை இழந்தவரா என்று கேட்கும் கட்டம் அது. 60 முதல் 64 வயது வரையுள்ள, வருமானம் குறைந்த, கணவரை இழந்து மறுமணம் செய்யாத பெண்களுக்குக் கனடாவில் ஒரு கொடுப்பனவு இருக்கிறது, அம்மா வயதால் அதற்குள் வருகிறார். மருந்தாளராகிய நீங்கள் இதைப் படித்தவுடனே படிவத்தை இறக்கி நிரப்பத் தொடங்குவீர்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் நிற்கச் சொல்கிறேன். உங்கள் அம்மா இத்தனை ஆண்டுகளில் எந்தத் தாளிலாவது அப்பா இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாரா? காணாமற்போன பிள்ளைகளைத் தேடிக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று வீதியோரத்தில் போராட்டமாக அமர்ந்த தாய்மார், இறப்புச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்றார்கள். இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறுவதற்கு இலங்கையில் 2016இல் சட்டமே திருத்தப்பட்டது. பணத்தைவிட அந்த ஒரு சொல் சிலருக்குக் கனமானது. காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ளக் கனடாச் சட்டத்திலும் வழி இருக்கிறது, உங்கள் பகுதியிலுள்ள சமூகச் சட்ட ஆலோசனை நிலையத்தில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகவே விளக்குவார்கள். ஆனால் அந்தப் படியை எடுப்பதா இல்லையா என்பது முழுக்க அம்மாவின் முடிவு. "இப்பிடி ஒரு காசு இருக்குது, அதுக்கு இப்பிடி எழுத வேணும், உங்களுக்கு விருப்பமில்லாட்டி விடுவம்" என்று ஒரு தடவை சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால், அந்தப் பணம் வராமற் போகட்டும். 65இல் வருகிற முதியோர் ஓய்வூதியத்துக்குக் கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது தடையல்ல.

மண்டபத்தை நான் ஆதரிக்கவில்லை, அதுவும் அவருக்குத் தெரியாமல் வேண்டவே வேண்டாம். அவர் யாருக்கும் தெரியாமல் மறைத்துச் சுமந்ததை முந்நூறு பேருக்கு முன்னால் திரையில் காட்டினால், அவர் கூனிக் குறுகித்தான் உட்கார்ந்திருப்பார். பிறந்தநாள் கொண்டாட வேண்டுமென்றால் அவரிடமே கேட்டு, அவர் சொல்கிற பத்துப் பேரை வீட்டுக்கு அழையுங்கள். அதில் சலவைப் பகுதிச் சிநேகிதிகள் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் வழியாக, நீங்கள் கண்டிராத ஒரு அம்மாவைச் சந்திப்பீர்கள்.

கடைசியாக, "பக்கத்து வீட்டு அன்ரி." பதினான்கு வயதில், வேறொரு மொழியில், வேறு தோல் நிறத் தோழிகளுக்கு நடுவில், ஒரு பிள்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய் அது. அதைச் சொன்னவரை நான் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. ஆனால் உங்களுக்கு அது முள்ளாகக் குத்துகிறது, அதைப் பிடுங்கத்தான் வேண்டும். அம்மாவுக்கு அன்றே விளங்கியிருக்கும் என்பது என் ஊகம். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாதவர்கள், பிள்ளையின் முகத்தையும் தோழிகளின் பார்வையையும் நன்றாகவே வாசிப்பார்கள். நீங்கள் காலில் விழுந்து கதறி மன்னிப்புக் கேட்டால், அன்றிரவு உங்களைத் தேற்றுகிற வேலையும் அவருடைய தலையில்தான் விழும். ஏற்கெனவே இரண்டு வேலை செய்தவருக்கு அது மூன்றாவது வேலை. ஆகவே அதற்கென்று தனியாக ஒரு நாளைக் குறிக்காதீர்கள். அந்தத் தாளில் வரி வரியாகக் கீழே வரும்போது 2004 தானாகவே வரும். அதில் விரலை வைத்து, அந்த ஆனி மாதம் என்னுடைய பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் போட்டுக்கொண்டு வந்த உடுப்பு எந்த வேலையினுடையது, அன்றைக்கு யாரிடம் கேட்டு, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டு, எத்தனை பஸ் மாறி வந்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பிறகு, அன்றைக்குத் தோழிகளிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை ஒரே வசனத்தில் அவரிடம் சொல்லுங்கள்.